அரண்மனை வீழ்ந்தபின் எஞ்சிய சொற்கள்

சமுதாயத்தின் சிதைவு புத்தாக்கத்திற்கு வழிகோல வல்லதா என்னும் வினா வரலாற்றாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. இலக்கியத் திறனாய்விலும் அது நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. எச். எம். சாட்விக் 1912-இல் வெளியிட்ட வீரயுகம் பற்றிய நூலில், முதிர்ந்த நாகரிகம் ஒன்றோடு இளைய இனத்தார் தொடர்புற்றுப் பழைய குலக்கட்டுகள் நெகிழும் காலமே வீரப்பாடல்கள் தோன்றும் காலம் என்னும் கருத்தினை முன்வைத்தார். க. கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் நிகழ்த்தி, 1968-இல் நூலாக வெளிவந்த ஆய்வு, சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரப்பாடல்களோடு ஒப்பிட்டு இந்நெறியில் சென்றது. ஆதலின் தமிழாய்வுலகிற்கும் இவ்வினா புதியதன்று. பின்னர் ஜோசப் டெயின்டர் 1988-இல் சிக்கலான சமுதாயங்களின் வீழ்ச்சி குறித்து எழுதிய நூலில், ஓர் அமைப்பினைப் பேணும் செலவு அதனால் விளையும் பயனை விஞ்சுமிடத்து, அவ்வமைப்புச் சரிவது பொருளியல் நோக்கில் இயல்பான விளைவே என்றும், அதனை எப்போதும் பேரழிவாகக் கருத வேண்டுவதில்லை என்றும் வாதிட்டார்.

இக்கூற்றுகளைப் பொதுநிலையில் வைத்து வாதிடுவதைக் காட்டிலும், நிகழ்ச்சி ஒன்றினை மொழிச்சான்றுகளின் துணைகொண்டு நெருங்கி நோக்குதல் தகும். கி.மு. 1200ஐ ஒட்டி மைசீனியக் கிரேக்கத்தின் அரண்மனைகள் எரிந்தன. ஆங்கு வழங்கிய லீனியர்-பி என்னும் அசையெழுத்து, கிரேக்கப் பெருநிலத்தில் வழக்கற்றுப் போயிற்று. மீண்டும் அங்கு எழுத்து காணப்படுவது கி.மு. 8ஆம் நூற்றாண்டில்தான். ஏறத்தாழ 400 ஆண்டு இடைவெளிக்குப்பின் வந்த அவ்வெழுத்தோடு ஹோமரின் காப்பியங்களும் நகர அரசுகளும் வருகின்றன. சிதைவிலிருந்து மலர்ச்சி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது எனத் தோன்றும்.

லீனியர்-பி எழுத்தினை மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-இல் படித்தறிந்தார். அதன் மொழி கிரேக்கமே என்பது பலர்க்கும் வியப்பளித்தது. ஆனால், படித்தறியப்பட்ட களிமண் பலகைகளில் பாட்டில்லை, கதையில்லை, கடிதமும் இல்லை. ஆட்டு மயிர், எண்ணெய், தேர்ச் சக்கரம், வெண்கலம், கூலித் தானியம் ஆகியவற்றின் கணக்குகளே நிறைந்துள்ளன. பலகைகள் சுடப்படாதவை, தேவை முடிந்ததும் குழைத்து மீண்டும் பயன்படுத்தப்படுபவை. அரண்மனையை எரித்த தீயே அவற்றைச் சுட்டு நமக்குக் காத்துத் தந்தது. ஆகவே பைலோஸ் நகர்ப் பலகைகள் காட்டுவது அவ்வரசின் இறுதி மாதங்களையே. ஏறத்தாழ 800 பேர் கடற்கரைக் காவலுக்கு நிறுத்தப்பட்ட செய்தியும் அவற்றுள் உண்டு.

இப்பலகைகளில் வரும் மூன்று சொற்களின் வரலாறு நம் வினாவிற்கு நேரடியாகப் பயன்படுவது. முதலாவது, பேரரசனைக் குறித்த ‘வனக்ஸ்’. அரண்மனையோடு அப்பதவியும் மறைந்தது. ஹோமரில் அச்சொல் தெய்வங்களுக்கும் பெருவீரர்க்கும் உரிய உயர்வுமொழியாக எஞ்சுகிறதேயன்றி, ஆட்சிப் பொறுப்பொன்றன் பெயராக நிற்கவில்லை. இரண்டாவது, பிற்காலத்தில் ‘பசிலெயுஸ்’ என வழங்கிய சொல். பைலோஸில் அது வெண்கலக் கம்மியர் குழுவினை மேற்பார்க்கும் உள்ளூர்த் தலைவன் போன்ற ஒருவனையே சுட்டியது. மேலிருந்தோர் அழிந்தபின் அவனே ஊரில் எஞ்சிய பெரியவன் ஆனான். ஹோமரில் அச்சொல்லுக்குப் பொருள் அரசன். சொற்பொருள் உயர்வுக்கு இலக்கண நூலார் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் இதற்கு நிகரானவை சிலவே.

மூன்றாவது சொல் ‘தாமோஸ்’. இது நிலத்தைத் தனக்கெனக் கொண்ட ஊர்ச்சமுதாயத்தைக் குறித்தது. பைலோஸ் பலகை ஒன்றில் ஏரித்தா என்னும் பூசாரிணி ஒரு நிலத்தைத் தெய்வத்தின் பொருட்டுச் சிறப்புரிமையுடன் வைத்திருப்பதாக உரிமை கோருகிறாள். தாமோஸ் அதனை மறுத்து, அது வழக்கமான குத்தகையே என்கிறது. கணக்கர் இரு தரப்பையும் பதிந்து வைத்துள்ளார். அரண்மனை ஓங்கி நின்ற நாளிலேயே, கோயிலின் கோரிக்கையை எதிர்த்துத் தன் கூற்றைப் பதிவு செய்விக்கும் ஆற்றல் ஊருக்கு இருந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. இதே சொல்தான் பின்னர் ‘தெமோஸ்’ என வழங்கி, மக்களாட்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் முதற்பகுதி ஆயிற்று. எனவே புதியதாகத் தோன்றும் இவ்வமைப்பின் வித்து, வீழ்ச்சிக்கு முன்னரே மண்ணில் இருந்தது. வீழ்ச்சி அதன்மீதிருந்த பாரத்தை அகற்றியது எனலாம். அதனைப் படைத்தது எனல் பொருந்தாது.

எழுத்தின் செய்தி இத்துணை எளிதன்று. லீனியர்-பி ஏறத்தாழ 90 அசைக்குறிகள் கொண்டது. ரகரத்தையும் லகரத்தையும் ஒரே வரிசைக் குறிகளால் எழுதியது. சொல்லிறுதி மெய்கள் பலவற்றை விட்டுவிட்டது. (தமிழ் எழுத்தில் ககரம் இடம் நோக்கி ஒலி வேறுபடுவதை இதனோடு ஒப்பிடுவாரும் உளர். நம்முடையது விதியால் அமைவது. அது குறையால் அமைந்தது.) அதனை அறிந்தோர் அரண்மனைக் கணக்கர் மட்டுமே. அவர்க்கு வேலையற்றுப் போனதும் எழுத்தும் போயிற்று. அதற்காக வருந்திய குரல் எதுவும் காப்பியங்களில் இல்லை. இலியத்தின் ஆறாம் காண்டத்தில் கொலைச்செய்தி தாங்கிய குறிகள் பொறித்த பலகை ஒன்று வருவதே ஹோமர் எழுத்தைப் பற்றிக் கூறும் ஒரே தெளிவான இடம் எனலாம்.

புதிய நெடுங்கணக்கோ பினீசியரிடமிருந்து வந்தது. தமக்கு வேண்டாத மெய்க்குறிகள் சிலவற்றைக் கிரேக்கர் உயிரெழுத்துகளாக மாற்றிக் கொண்டனர். பழமையான பொறிப்புகளுள் இரண்டு, ஆதென்ஸ் நகரில் ஆடலிற் சிறந்தவர்க்குரிய பரிசெனக் குறிக்கும் குடமும், இத்தாலியக் கரைத்தீவான பிதெகூசாயில் கிடைத்த நெஸ்தோர் கிண்ணமும் ஆகும். இரண்டிலும் இருப்பது செய்யுள். கணக்கர் கையில் இருந்த எழுத்து, குடிப்போர் கிண்ணத்தில் விளையாட்டாக இறங்கியது.

ஈண்டுச் சைப்ரஸ் தீவின் சான்று வாதத்தின் மறுபக்கத்தை வலுப்படுத்துகிறது. அத்தீவு எழுத்தை முற்றிலும் இழக்கவில்லை. பாபோஸ் அருகே கிடைத்த இரும்புக்கால வெண்கலச் சூட்டுக்கோல் ஒன்றில் கிரேக்கப் பெயர் அசையெழுத்தில் உள்ளது. தொடர்ச்சி அறாத அங்குதான், கிரேக்கத்தை எழுதப் பொருந்தாத அசையெழுத்து கி.மு. 3ஆம் நூற்றாண்டு வரை நின்று நிலவியது. நெடுங்கணக்கு கையெட்டும் தொலைவில் இருந்தும் சைப்ரஸ் மக்கள் அதனை முழுதும் ஏற்க நெடுங்காலம் பிடித்தது. முற்றாக இழந்தவனுக்கு மாற்றம் எளிது என்னும் கூற்றில் உண்மை இல்லாமலில்லை.

எனினும் அவ்வுண்மைக்கு ஓர் எல்லை உண்டு. இழந்தவன் கடன்பெற, இழக்காதவன் ஒருவன் அருகே இருத்தல் வேண்டும். பினீசியக் கடற்கரை நகரங்கள் கிரேக்கத்தைப் போல் எழுத்தை விட்டுவிடவில்லை. அவையும் வீழ்ந்திருப்பின் கிரேக்கர்க்கு அகரமேது? சிந்துவெளியில் கி.மு. 1900ஐ ஒட்டி நகரங்கள் தளர்ந்தபோது முத்திரைகளும் எழுத்தும் ஒருங்கே மறைந்தன. உழவும் கைத்தொழிலும் ஊர்களில் தொடர்ந்தன. இந்நாட்டில் ஐயத்திற்கிடமின்றிப் படிக்கப்படும் எழுத்து அசோகர் காலத்தில் பெருகுகிறது. தமிழ்ப் பிராமியின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டு செல்வோர் கூற்றினை ஏற்பினும், இடைவெளி 1,000 ஆண்டுகளுக்குக் குறைவதில்லை. சிதைவுதான் படைக்கும் ஆற்றல் உடையதெனின், கங்கைச் சமவெளி இத்துணைக் காலம் காத்திருந்திராது.

டெயின்டரின் கணக்கில் விடுபட்டுள்ளது காலமே. பைலோஸ் இருந்த மெசீனியாவில் வீழ்ச்சிக்குப்பின் குடியிருப்புகள் மிகக் குறைந்தமையைக் களஆய்வுகள் காட்டுகின்றன. லெப்காந்தியில் 1980களின் தொடக்கத்தில் அகழப்பட்ட, கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஏறத்தாழ 50 மீட்டர் நீளக் கட்டடம், ‘இருண்ட காலம்’ என்னும் பெயரைத் திருத்திக்கொள்ளச் செய்தது உண்மையே. ஆயினும் ஓரிடத்து ஒளி மெசீனியாவின் வெறுமையை மறைக்காது. பைலோஸ் பலகைகள் 700-க்கும் மேற்பட்ட பெண்களை, அவர்தம் குழந்தைகளோடு, நூற்றல் நெய்தல் முதலிய பணிகளுக்கும் கூலித் தானியத்திற்கும் உரியவராகப் பட்டியலிடுகின்றன. சிலர் மிலேத்தஸ், நிதோஸ், லெம்னோஸ் எனக் கடலுக்கு அப்பாலுள்ள ஊர்ப்பெயர்களால் குறிக்கப்படுகின்றனர். அரண்மனை அவர்களைக் கட்டிவைத்தது. அதுவே அவர்களுக்குக் கோதுமையும் அத்திப்பழமும் அளந்தது. தீக்குப்பின் அளந்தவர் யார்? பயன் எய்திய தலைமுறைக்கும் விலை கொடுத்த தலைமுறைக்கும் இடையே 400 ஆண்டுகள் கிடக்க, இரண்டையும் ஒரே வரவு செலவில் எழுதுவது நேர்மையான கணக்காகாது.

பயன் எய்தியவரேனும் அதனைப் பயனென உணர்ந்தனரா என்பதும் நோக்கற்பாலது. கி.மு. 700 அளவில் புதிய எழுத்து பரவிய நாளில் வாழ்ந்த ஹெசியோத், தம் ‘வேலைகளும் நாட்களும்’ என்னும் நூலில் மக்கள் தலைமுறைகளை ஐந்தாக வகுத்தார். தீப்ஸிலும் திராயிலும் மாண்ட வீரர்களை நான்காவதாக வைத்துத் தம் காலத்தை இரும்புக் காலம் என்றார். முன்னரே மடிந்திருக்கலாகாதா, பின்னரேனும் பிறந்திருக்கலாகாதா என ஏங்கினார். அந்நூலிலேயே கையூட்டுப் பெற்றுத் தீர்ப்பு வழங்கும் ஊர்த்தலைவர்களைச் சாடுகிறார். அவர்களுக்கு அவர் வழங்கும் பெயர் பசிலெயுஸ் என்பதன் பன்மையே.