தனிக்குரலின் நிழலில் சேர்ந்திசை: சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவின் வரலாற்றை எழுதுதல் குறித்து

தமிழில் இசை பற்றி எழுதப்பெற்ற நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் தனிமனிதரை மையமாகக் கொண்டவை. இயற்றியவர் யார், பாடியவர் யார், அவருடைய குரு யார், அவருடைய பாணி எத்தகையது என்னும் வரிசையிலேயே அவை நகர்கின்றன. கச்சேரி மரபை ஆராய இம்முறை போதுமானதாக இருக்கலாம். ஆனால், பலர் கூடி, தம்முள் வேறுபட்ட குரல்களில் ஒரே பாடலைப் பாடும் சேர்ந்திசைக்கு இம்முறை பொருந்துமா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா. எம்.பி. சீனிவாசன் (1925–1988) 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை இதற்குச் சான்றாகக் கொள்கின்றோம். ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்றால்தான் பலருக்கும் விளங்கும்.

கூடிப் பாடும் வழக்கம் சென்னைக்குப் புதியதன்று. மேலைச் செவ்வியல் சேர்ந்திசையைப் பாடிவரும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893இல் தொடங்கப்பெற்றது. தேவாலயப் பாடற்குழுக்கள் ஒருபுறமும் பஜனை மடங்கள் மறுபுறமும் இருந்தன. எனினும், பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் திருப்பிப் பாடுகின்றனர். குரல்கள் பலவாயினும் இசைவரி ஒன்றே. சீனிவாசனின் முயற்சி வேறொரு வழியில் வந்தது. 1943இல் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றமாகிய ‘இப்டா’வும், அதன் வழியில் சலீல் சௌத்ரி வங்கத்தில் வளர்த்த கூட்டுப் பாடலும், 1958இல் அமைந்த கல்கத்தா யூத் கொயரும் அதன் முன்னோடிகள். இக்குழுவின் பெயரே அந்த உறவைச் சொல்லிவிடுகின்றது.

சீனிவாசனின் வாழ்க்கை பலரும் அறிந்ததே. பொதுவுடைமை இயக்கத் தொடர்பு, நிமாய் கோஷின் ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்துக்கான இசை, திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்தமை, ஜான் ஆபிரகாமின் ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) படத்தில் பேராசிரியராக நடித்தமை ஆகியவற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சுட்டலாம். 1961இல் ‘கால்பாடுகள்’ என்னும் மலையாளப் படத்தில் கே.ஜே. யேசுதாசைத் திரையில் முதன்முதலாகப் பாடவைத்தவர் இவரே. தென்னிந்தியாவின் மிகப் புகழ்பெற்ற தனிக்குரல்களுள் ஒன்றை அறிமுகப்படுத்தியவர், தம் நம்பிக்கையைப் பெயரறியாத பலருடைய கூட்டுக்குரலில் வைத்தார்.

அந்த நம்பிக்கை வெறும் அரசியல் நம்பிக்கையன்று. அதற்கு இசைவழிப்பட்ட காரணமும் உண்டு. நம் மரபில் ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரைக் கட்டைச் சுருதியிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவர். இருபாலரையும் ஒரே சுருதியில் ஒரே இசைவரியைப் பாடச் செய்தால் ஒரு சாரார் அடித்தொண்டையிலோ உச்சத்திலோ திணற வேண்டியதுதான். பள்ளி விழாக்களிலும் கோயில் விழாக்களிலும் நாம் ஆண்டுதோறும் கேட்டுச் சகித்துக்கொள்ளும் காட்சி இது. நான்கு குரல் அமைப்பு இச்சிக்கலைத் தீர்க்கின்றது. பெண்குரலில் மேல், கீழ், ஆண்குரலில் மேல், கீழ் என ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் எல்லைக்குள் நின்று வெவ்வேறு சுரங்களைப் பாடுகின்றனர். அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இதற்கு ஒரு விலை உண்டு. குரல்கள் இசைந்து ஒலிக்கவேண்டுமாயின் சுரங்கள் அசையாது நிற்க வேண்டும். நம் இராகங்களில் பலவற்றுக்கோ கமகமே உயிர். தோடியை நான்கு குரலில் பாடினால் எஞ்சுவது தோடியாக இராது. மோகனம் போன்றவையும் நாட்டுப்புற மெட்டுகளும் ஓரளவு இடங்கொடுக்கும். எனவே சேர்ந்திசை இராகத்தின் நுட்பத்தை இழக்கின்றது என்னும் கச்சேரி இரசிகரின் குறையை மறுக்க இயலாது. ஆனால், அக்குறையைக் கொண்டே சேர்ந்திசையை எடைபோடுவது, நாடகத்தை அதில் கதாகாலட்சேபம் இல்லை என்று பழிப்பதற்கு ஒப்பாகும் என்பது நம் கருத்து. தமிழுக்கே உரிய வேறோர் இடர்ப்பாடும் உண்டு. நெடில் குறுகினால் பொருள் மாறும் மொழி இது. குரல்கள் முன்பின்னாக நுழையும்போது சொல் சிதையாமல் காப்பது இசையமைப்பவரின் திறனைச் சார்ந்தது.

இக்குழு பல இந்திய மொழிகளில் பாடியது. தமிழில் அதன் முதன்மையான கவி பாரதி. இத்தேர்வு தற்செயலானதன்று. பாரதியின் தேசியப் பாடல்களுள் பலவற்றில் பேசுவது ‘நான்’ அன்று, ‘நாம்’. அவற்றை மேடையில் ஒருவர் ஆலாபனையுடன் தனித்துப் பாடும்போது இலக்கணம் ஒன்றைச் சொல்ல, இசை வேறொன்றைச் சொல்கின்றது. பலர் பாடும்போதுதான் அப்பன்மைக்கு உடல் கிடைக்கின்றது. பாரதி ஆய்வில் போதிய கவனம் பெறாத செய்தி இது. பாடல்களின் யாப்பையும் இராகத்தையும் ஆராய்ந்த அளவுக்கு, அவை எத்தனைபேர் பாடுவதற்குரியவை என்பதை நாம் ஆராயவில்லை.

1988 மார்ச்சில் இலட்சத்தீவில் சீனிவாசன் காலமானார். நவீன வரலாறு என்ற அளவில் குழுவின் உண்மையான சோதனை அன்றுதான் தொடங்கியது. வரலாற்றெழுத்தோ பெரும்பாலும் அன்றோடு முடிந்துவிடுகின்றது. குழுவைப் பற்றி எழுதப்பெறுவன பெரிதும் அவருடைய நினைவுநாளையோ அவருடைய திரையிசையையோ ஒட்டியே எழுகின்றன. ‘அவருக்குப் பின் அவர் மாணவர்கள் தொடர்ந்தனர்’ என்னும் ஒற்றைத் தொடரில், அவர் நடத்திய காலத்தைவிட நீண்ட காலம் அடங்கிவிடுகின்றது. திருவனந்தபுரத்தில் இயங்கும் சேர்ந்திசைக் குழு அவர் பெயரையே தாங்கியுள்ளது. அன்பின் அடையாளம் அது, ஐயமில்லை. ஆயினும், தனிக்குரலின் முதன்மையைக் கேள்விக்குள்ளாக்கிய ஓர் இயக்கம் தனியொருவரின் நினைவுச் சின்னமாகச் சுருங்குவது முரண்பாடே.

இசை வட்டாரத்தின் பழக்கத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை; நம் ஆய்வுக் கருவிகளும் இதற்குக் காரணம். தனிமனித வாழ்க்கை வரலாறு எழுத நமக்குத் தெரியும். ஒரு குழுவின் வரலாறு எழுதப் பழகவில்லை. சிங்கப்பூரில் 1985இல் மக்கள் கழகத்தின் ஆதரவில் தொடங்கப்பெற்ற இந்திய இசைக்குழுவைப் பற்றி எழுத முற்படும் மாணவரும் இதே இடர்ப்பாட்டைச் சந்திக்கவே நேரும்.

சென்னைக் குழுவைப் பொறுத்தவரை 2025இல் சீனிவாசனின் நூற்றாண்டு நிறைவுற்றது. அவருடன் பாடிய முதல் தலைமுறையினர் இன்று முதுமையில் உள்ளனர். இவர்களிடம் கேட்கப்பட வேண்டியது, அவர் எத்தகைய மனிதர் என்பதன்று. கீழ்க்குரல் பிரிவில் நின்றவருக்குத் தம் இசைவரி எவ்வாறு கற்பிக்கப்பட்டது, அது ஏட்டில் எழுதப்பட்டதா செவிவழி வந்ததா, அறியாத மொழியின் ஒலிப்பை யார் திருத்தினர், 1988க்குப்பின் புதிய பாடல் எதையேனும் சேர்ப்பதா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்தனர், அம்முடிவில் கருத்து வேறுபட்டோர் யாவர் என்பனவே கேட்கப்பட வேண்டிய வினாக்கள். மெட்டின் முதன்மை வரி ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்கும். அதன் அடியில் ஓடிய மற்ற மூன்று வரிகளையும் தனித்தனியே பாடிக்காட்ட வல்லவர்கள், அவற்றை அன்று பாடியவர்களே.