கடைசி பஸ்ஸும் கதைக் கூட்டமும்

எங்கள் வாசிப்புக் கூட்டம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மூன்று மணிக்கு என்று அஞ்சலட்டை வரும். ஆரம்பிக்க நாலரை ஆகிவிடும். என் முறை வரும்போது ஆறரை. எங்க ஊருக்குக் கடைசி பஸ் ஏழே முக்கால். அதனால் என் கதையைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்பதில் பாதிதான் எனக்குத் தெரியும். மீதி, நான் பஸ் ஏறின பிறகு டீக்கடை பெஞ்சில் பேசப்பட்டது. எந்தக் கதை எந்த இதழுக்குப் போகும், யார் தொகுப்புக்கு யார் முன்னுரை எழுதுவது என்பதெல்லாம் அந்த பெஞ்சில்தான் முடிவானது. இதை வெறும் புகாராக எழுதவில்லை. பன்னிரண்டு வருஷம் நான் போன கூட்டம் அது. போகாமல் இருந்திருந்தால் பேனாவே பிடித்திருக்க மாட்டேன். அதனாலேயே அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கதை எழுத வருகிற தம்பி, தங்கைகள் என்னிடம் கேட்பது மூன்று. எந்தக் குழுவில் சேரலாம், எந்நேரத்தில் எழுதுறீங்க, எந்த இதழுக்கு அனுப்பலாம். இந்த மூன்றும் ஒன்றை ஒன்று தின்னும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் சத்துணவு மையத்தில் அமைப்பாளர். காலையில் ஸ்டோர் ரூமைத் திறந்து, அரிசி பருப்பு எண்ணெய் அளந்து கொடுத்து, பிள்ளைகளைத் தலையெண்ணி, சோறு போட்டு, பாத்திரம் கழுவி அடுக்க மணி இரண்டு ஆகும். அதற்குப் பிறகு ரெஜிஸ்டர். இருப்பு, செலவு, மீதி. வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு அடுப்பு. ராத்திரி பத்து மணிக்கு நோட்டை எடுத்தால் மாமியார் கேட்பார்கள்: "இன்னாம்மா, கவர்மென்ட் கணக்க வூட்லகூட எழுதணுமா?" ஆமாம் அத்த என்பேன். கதை எழுதுறேன் என்று சொல்வதைவிட அது சுலபம்.

வர்ஜீனியா வுல்ஃப் 1929-ல், ஒரு பெண் கதை எழுத ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டும் பூட்டுப் போட்ட தனி அறையும் வேண்டும் என்று எழுதினார். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத அடிமைப் பெண் ஃபிலிஸ் வீட்லி கவிதை எழுதினாளே, அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பின்னால் ஆலிஸ் வாக்கர் கேட்டார். எங்கள் கூட்டத்தில் ஒரு தோழர் இதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பூட்டுப் போட்ட அறை எனக்கும் உண்டு, உள்ளே அரிசி மூட்டை. இரண்டரை மணியிலிருந்து மூன்றரை வரை அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன், எலி ஓட ஓட. வாரத்துக்கு மூன்று நாள் கிடைத்தால் அதிகம். கூட்டத்துக்குப் போய்வந்த வாரம் அதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை துவைக்காத துணியும் வாங்காத ரேஷனும் அந்த வாரம் முழுக்கத் துரத்தும். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

இனி கதைக்கு வருகிறேன். அதன் பெயர் 'முட்டை'. வாரத்துக்கு ஒரு முட்டை போட்ட காலம் அது. எங்கள் மையத்துக்குப் புதிதாகச் சமையல் ஆயா வந்தார், எங்க தெருவிலிருந்து. நான் அமைப்பாளராக இருந்ததைப் பொறுத்துக்கொண்ட ஊர்த்தெரு, சேரிப் பொம்பளை கை சோத்தில் பட்டதும் பொறுக்கவில்லை. முட்டை போடும் நாளில் அறுபத்திரண்டு முட்டை வேகவைத்தோம். வந்தது பதினேழு பிள்ளைகள். ஊர்த்தெருப் பையன் ஒருத்தன் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். கூப்பிட்டதும் ஓடிப்போனான். சாயந்திரம் மீந்த முட்டைகளை ஆயா வீட்டுக்கு எடுத்துப்போனார். நான் ரெஜிஸ்டரில் அறுபத்திரண்டு பேர் சாப்பிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் வரவில்லை என்று எழுதினால் விசாரணைக்கு வருகிறவர்கள் ஊரைக் கேட்க மாட்டார்கள், ஆயாவைத்தான் மாற்றுவார்கள்.

இதைக் கூட்டத்தில் வாசித்தேன். முதல் பாதிக்குக் கை தட்டினார்கள். முட்டையை எடுத்துப்போன இடத்தில் அமைதி. "ஆயா திருடுற மாதிரி எழுதினா அவனுங்களுக்கு வசதியா போயிடுமே தோழர். அத எடுத்துடுங்க. கடைசில அவங்க எதிர்த்துக் கேக்கற மாதிரி முடிங்க" என்றார் ஒருவர். அவர் பயம் பொய்யில்லை. நம் கதையிலிருந்து ஒரு வரியை உருவி நம்மையே அடிக்கிற ஊர் இது. அப்போது ஒரு சிறப்பிதழ் வந்துகொண்டிருந்தது, பத்து நாளில் கதை வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சரி என்று எழுந்தேன். எடுத்துவிட்டேன், எதிர்த்துக் கேட்க வைத்தேன். அச்சில் வந்தது. பாராட்டிப் பதினோரு கடிதம்.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஸ்டோர் ரூமில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துச் சொன்னார்: "எல்லாம் சரிதான் பாப்பா. நான் எங்க எவன எதிர்த்துக் கேட்டேன்? முட்டைய எடுத்துக்கினு போனத ஏன் வுட்டுட்ட? அன்னிக்கு அதான பெருசு. தெருவுல இருக்கற புள்ளைங்க அத்தினிக்கும் பிச்சிப் பிச்சிக் குடுத்தேன்."

எனக்கு அது தெரியாது. அவர் வீட்டுக்கு எடுத்துப்போனார் என்று கணக்கெழுதத் தெரிந்த எனக்கு, பிறகு என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. கூட்டத்துக்கு ஒரு நாள் முன்னால் அவரிடம் வாசித்திருந்தால் கதையே வேறு.

அதற்குப் பிறகு நமக்கு முன்னால் எழுதியவர்களை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். அவர்கள் எழுத்தை எதிலிருந்து காப்பாற்றினார்கள், எங்கே இழந்தார்கள் என்று. பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து, கையில் வேலையும் இல்லாத நாட்களில் எழுதியது 'கருக்கு'. 1992-ல் வந்தது. நாவலா தன்வரலாறா என்று விமர்சகர்கள் பிறகுதான் அடித்துக்கொண்டார்கள். எழுதும்போது அவருக்கு அந்தக் கேள்வி இல்லை. அச்சுக்கான விலையையும் அவர் கொடுத்தார். சொந்த ஊரில் கோபம் கிளம்பி, சில மாதம் ஊருக்குள் போக முடியாமல் இருந்ததை அவரே சொல்லியிருக்கிறார். 1994-ல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியத்தின் கதை. சேரிக்குள்ளேயே கீழே ஒருத்தி இருக்கிறாள் என்று காட்டியதற்காகத் தலித் தரப்பிலிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. கையெழுத்துப் பிரதியாக அந்த நாவல் எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "அத எடுத்துடுங்க தோழர்" என்றுதான் சொல்லியிருப்போம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொருவர் டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் கடையில் வேலை செய்துகொண்டே எழுதியவர். 'தண்ணீரும் கண்ணீரும்' 1960-ல் வந்தது, இலங்கையில் சாகித்திய மண்டலப் பரிசு வாங்கியது. அடுத்து 'பாதுகை', 1967-ல் 'சாலையின் திருப்பம்'. இதற்கிடையில் 1966-ல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். அந்த சலூனே இதழ் அலுவலகம், அதுவே சந்திப்பு இடம். இதழைத் தானே சுமந்து நடந்து விற்றார். ஏறக்குறைய நானூறு இதழ் கொண்டுவந்தார். எத்தனையோ பேருடைய முதல் கதை அதில்தான் வந்தது. அவருடைய அடுத்த தொகுப்பு 'வாழ்வின் தரிசனங்கள்' வந்த ஆண்டு 1982. நடுவில் பதினைந்து வருஷம். 2021-ல் அவர் இறந்தபோது அஞ்சலி எழுதியவர்கள் மல்லிகையைத்தான் நிறைய எழுதினார்கள். நியாயம்தான். ஆனால் அவருக்குள் இருந்த கதைக்காரனை அந்த இதழ் எவ்வளவு தின்றது என்றும் ஒருத்தராவது கேட்டிருக்கலாம். தெரிந்தேதான் அவர் கொடுத்திருப்பார். நாம் பல பேர் தெரியாமல் கொடுக்கிறோம்.

இங்கே நம் இதழ்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இந்த இதழ் உட்பட. நம்மிடம் கேட்கப்படுவது எப்போதும் சாட்சியம். "உங்க அனுபவத்த அப்படியே எழுதிக் குடுங்க, திருத்தாதீங்க, அந்தச் சூடு போயிடும்." மற்றவர்கள் பத்து முறை திருத்தினால் அது கலை, நாம் திருத்தினால் சூடு போய்விடுமாம். சாட்சியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் படித்துவந்தது அதைத்தான். ஆனால் கதை என்று ஒன்று எழுத வந்தவளுக்கு, அவசரமாக அச்சில் பார்ப்பதும் கை தட்டலும் திரும்பிப் பார்க்கிற வேலையைப் பறித்துக்கொள்ளும். ஒரு தடவை அச்சாகிவிட்டால் அந்தக் கதைக்குள் திரும்பப் போகவே மனசு வராது. எனக்கு நாலு வருஷம் ஆனது.

கூட்டத்தை நான் விட்டுவிடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். எழுதிக்கொண்டிருப்பதை வாசிப்பதில்லை, முடித்து ஒரு வருஷம் ஆனதைத்தான். பெண்கள் முதலில் வாசிக்கட்டும், முடிவுகளை ஆறரை மணிக்குள் பேசுங்கள் என்று கேட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது நடக்கிறது. வாசிக்கக் கேட்கிற முதல் ஆள் மட்டும் ஆயா. ஓய்வு பெற்றுவிட்டார், புதன்கிழமை சாயந்திரம் அவர் திண்ணையில் உட்காருவோம். 'முட்டை'யை இப்போது ஆறாவது தடவை எழுதுகிறேன். முட்டைகளை அவர் முந்தானையில் முடிந்துகொண்டு போனதாக எழுதியிருந்தேன். போன வாரம் அந்த இடம் வந்ததும் சிரித்துவிட்டார். "நாப்பத்தஞ்சு முட்டைய எவடி முந்தானையில முடிவா? கூடையிலதான் வச்சி எடுத்துக்கினு போனேன், மேல வெறவு போட்டு மூடி." கூடை என்று திருத்திவிட்டேன். மேலே போட்டது விறகா, முருங்கைக் கீரையா என்று கிளம்பும்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வருகிற புதன்கிழமை திரும்பக் கேட்க வேண்டும்.