பொதிகையிலும் கதிர்காமத்திலும் வனயாத்திரை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போணக்காடு என்னும் தேயிலைத் தோட்டப் பிரதேசம் வரும். 1868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடத்துக்குச் செல்லும் நடைவழி அங்குள்ள வனத்துறைச் சாவடியில்தான் ஆரம்பமாகிறது. பாபநாசத்துப் பழைய பாதை யாத்திரிகருக்கு அடைபட்டுவிட்டபடியால், பொதிகையென்னும் இம்மலையைத் தங்களுடையதென்று போற்றும் திருநெல்வேலிச் சீமையாரும் இந்நாளில் இங்கு வந்தே ஏறுகிறார்கள். அகத்திய முனிவரைத் தரிசிக்கச் செல்பவர், பச்சிலை ஆராய்பவர், மலைநடையில் விருப்பமுள்ளவர் ஆகிய எல்லாருக்கும் பொதுவான வழி இது. கடலுக்கு அப்பால் இலங்கையின் கிழக்குக் கரையிலோ, உகந்தைமலை முருகன் சந்நிதியில் புறப்பட்டு, குமண, யால வனங்களை ஊடறுத்துக் கதிர்காமம் சேரும் பாதயாத்திரை வழி இருக்கிறது. யானையும் கரடியும் சஞ்சரிக்கும் இவ்விரு காடுகளிலும் மனிதர் ஊறின்றிச் சென்று மீள்வதற்கு இரு தேசத்தாரும் செய்கிற ஆயத்தம் மிகவும் வேறுபட்டது.

காலத்தைத் தேர்வதில் மட்டும் இருவரும் மழையையே பார்க்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கரமனையாறு முதலிய நீரோட்டங்கள் கால்வைத்துக் கடக்கும் அளவுக்கு வற்றியபின், ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரையில் அகத்தியர்கூடம் திறந்திருக்கும். கதிர்காமத்து யாத்திரை ஆடிவேல் உற்சவத்தையொட்டி நடப்பது. அப்போது கிழக்கிலங்கையில் கச்சான் காற்று வீசி, மண் வறண்டு கிடக்கும். ஆகவே இங்கே வெயில் காலம் வழியை எளிதாக்குகிறது. அங்கே அதே வெயில், தாகத்தையும், எஞ்சிய நீர்நிலைகளில் வந்து கூடும் மிருகங்களையும் யாத்திரிகன் எதிரே நிறுத்துகிறது.

நம் நாட்டில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் காட்டு வாசலுக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிற காரியம். நாளொன்றுக்கு நூறு பேர் அளவிலேயே அநுமதி, அதற்கு முன்பதிவு, மருத்துவரின் தகுதிச் சான்று, பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கு இடமில்லை. ஸ்திரீகளுக்கும் நெடுங்காலம் இடமில்லாதிருந்து, கேரள உயர்நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியிலேதான் அந்தத் தடை நீங்கிற்று. எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது மெத்தச் சரியான ஏற்பாடு. யாத்திரிகர் இரவு தங்கும் அதிருமலை முகாமும், பொங்கலப்பாறைக்கு மேல் கயிற்றைப் பற்றி ஒருவர்பின் ஒருவராய் ஏறவேண்டிய வழுக்குப் பாறைகளும் அதற்குமேல் தாங்கமாட்டா. ஆயினும் சான்றிதழைக் கையில் வாங்கியவுடனே தாம் காட்டுக்குத் தகுதி பெற்றுவிட்டதாக எண்ணும் மயக்கம் இந்த விதிகளால் உண்டாகிறது. இதை நான் அபாயமென்றே கருதுகிறேன்.

இலங்கையில் அந்த ஆயத்தம் நடையிலேயே அடங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியில் புறப்படும் அடியார்கள் ஒரு மாதத்துக்கு மேலாகக் கரையோரமாய் நடந்து, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் கடந்து உகந்தையை அடையும்போது அவர்கள் பாதம் உரமேறியிருக்கும். யார் வேகமாக நடப்பவர், யாருக்கு மூச்சு வாங்கும் என்பது கூட்டத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். அதன்பிறகுதான் ஐந்தாறு நாள் காட்டுவழி. வேல் தாங்கியவர் முன்னே செல்ல, ஒருவரையொருவர் சாமி என்று விளித்துக்கொண்டு, கிழவிகளும் குழந்தைகளும் நடுவிலும் வலுவுள்ளோர் பின்னிலுமாகப் போகிறார்கள். இரவு குமுக்கன் ஆற்றங்கரையிலோ நாவலடியிலோ தங்கும்போது சுற்றிலும் தீ மூட்டுகிறார்கள். வறண்ட மணலாற்றில் ஒரு முழம் கையால் அகழ்ந்து, ஊறிவரும் கலங்கல் நீரைச் சிரட்டையால் முகந்து, சேலைத் தலைப்பில் வடித்துக் குடத்தில் நிரப்புவார்கள். முதற் குடம் நடக்க முடியாதவர்களுக்கு.

அந்தத் தீ நம் மலையில் விலக்கப்பட்டது, விலக்கப்பட்டதே நியாயம். ஜனவரிக்குப் பின் மேற்சரிவுப் புல்வெளி காய்ந்து கிடக்கும்போது ஒரு பொறி போதும், மலை முழுவதும் பற்றிக்கொள்ள. அதனால் சமைப்பதற்கும் இடமில்லை. அதிருமலையில் உள்ளூரார் நடத்தும் உணவுச்சாலையில் கிடைக்கும் கஞ்சியே ஆகாரம். தீக்கும் கூட்டத்துக்கும் பதிலாக இங்கே நமக்கு வாய்த்த காவலர், இம்மலையின் பழங்குடியினராகிய காணிக்காரரே. 1987ஆம் ஆண்டில் புஷ்பாங்கதன் முதலிய விஞ்ஞானிகள் இம்மலையில் களைத்து நடந்தபோது, உடன்வந்த காணிக்காரர் களைப்பின்றி மென்றுகொண்டு வந்த காயைக் கண்டு விசாரித்ததிலிருந்துதான் ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகை உலகறிந்ததாயிற்று. சாணத்தின் ஈரத்தைப் பார்த்து யானை போய் எவ்வளவு நேரமாயிற்றென்று சொல்லவல்ல அம்மனிதர் நில்லென்று கைகாட்டும்போது, புகைப்படத்துக்காக நாலடி முன்னே செல்பவர்களைக் காண எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இலங்கையிலும் இப்போது பழைய ஒழுங்கு தளர்ந்து வருகிறது. அரசாங்க அதிபர்களும் வனஜீவராசிகள் திணைக்களத்தாரும் கூடித் தீர்மானிக்கும் சில தினங்களுக்கே காட்டுவாசல் திறக்கப்படுவதால், பல்லாயிரவர் வாகனத்தில் உகந்தைக்கு வந்திறங்கி, பழகாத காலோடு காட்டுக்குள் இறங்குகிறார்கள். படையினர் பவுசரில் கொண்டுவந்து வைக்கும் தண்ணீரே அவர்களுக்குப் பெருந்துணை. அங்கே பதிவு இருக்கிறது, வரம்பு இல்லை. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற நியதியைக் கேரளத்தைப் பார்த்து அங்குள்ளோர் கைக்கொள்வது நல்லது. அதனால் பக்திக்கு ஒரு குறையும் வாராது.

நம்மவர்க்கு நான் சொல்லுவது வேறு. அநுமதி கிடைத்தவர்கள் ஒரு மாதம் முன்பிருந்தே தினந்தோறும் மேடு ஏறி நடந்து பழகுங்கள். உடன் வருவோரில் யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு இரத்த அழுத்தம், எவர் பையில் எந்த மருந்து என்பதைப் போணக்காட்டிலேயே கேட்டறியுங்கள். பிற்பகலில் இருட்டுமுன் அதிருமலை சேர வேண்டுமாகையால், மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு அவர் நடையிலேயே எல்லாரும் செல்லுங்கள்; காணிக்காரரை முந்தி ஓர் அடியும் வைக்காதிருக்கும்படி உங்களை மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.