முத்துவுக்கு யார் சம்பளம் கொடுத்தது?

2016இல் ‘ஓலா போலா’ வெளிவந்தபோது அலோர் காஜாவிலிருந்து மாமாவைக் கூட்டிக்கொண்டு மலாக்கா டவுனுக்குப் போய்ப் பார்த்தேன். மாமா ஒரு காலத்தில் தோட்டத்துக் குழுவில் வலது ஓரம் ஓடியவர். படத்தில் தென் கொரியாவுக்கு எதிராக இரண்டாவது கோல் விழுந்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். வீடு திரும்பும்போது காரில் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: “படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த முத்துப் பையனுக்கு யாரு சம்பளம் குடுத்தா? அதக் காட்டவே இல்லையே.”

அன்றைக்கு நான் சிரித்துவிட்டேன். இப்போது யோசித்தால், அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட ஆகச் சிறந்த விமர்சனம் அதுதான் என்று தோன்றுகிறது.

சியூ கெங் குவான் இயக்கிய அந்தப் படத்தை இன்றைய இளம் வாசகர்கள் பலர் பள்ளி மண்டபத்திலோ டிவியிலோ பார்த்திருப்பீர்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற மலேசியக் காற்பந்துக் குழுவின் கதை. மெர்டேக்கா அரங்கில் கொரியாவை 2–1 என்று வென்றது நிஜம். ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கையே புறக்கணித்ததும் நிஜம். பெயர்களை மாற்றி, சம்பவங்களைக் கூட்டிக் குறைத்து எடுத்த படம். கோல் காவலர் முத்துவைப் பார்க்கும் எவருக்கும் ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம் நினைவுக்கு வருவார். 1988இல் சாலை விபத்தில் இறந்துபோன அந்த நீண்ட கைகளை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

படத்தின் நல்ல பகுதியே முத்துவின் வீடுதான். தமிழ் பேசும் ஒரு வீடு, ஒரு தேசியப் படத்தில், கோமாளித்தனம் இல்லாமல் வந்தது. பந்து விளையாடப் போகும் மகனால் வீட்டு வேலை கெடுகிறது என்று அப்பா முறைக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, கணக்குப் பார்க்கிறவர். அந்தக் கணக்கைப் படம் கொஞ்ச நேரம் நேர்மையாகக் காட்டுகிறது. பிறகு கோல் விழுகிறது, கணக்கு மறந்துபோகிறது. தோற்கும் குழு ஜெயிக்கும் குழுவாக மாறுவதற்கு நடுவில் படம் வைப்பது மூன்று விஷயங்கள்: புதுப் பயிற்றுநர், ஒரு சண்டை, ஒரு சமாதானம். ஒற்றுமை வந்தால் வெற்றி வரும். மாமாவின் கேள்வி இந்த இடத்தில்தான் முள்ளாகக் குத்துகிறது.

தோற்றுக்கொண்டிருந்த ஒரு குழுவை இளைஞர்களை வைத்துக் கட்டி எழுப்பிய நிஜக் கதை நம்மிடமே இருக்கிறது. அதை யாரும் படமாக எடுக்கவில்லை. 2007 ஆசியக் கிண்ணத்தில் சொந்த மண்ணில் மலேசியா சீனாவிடம் 1–5, உஸ்பெகிஸ்தானிடம் 0–5, ஈரானிடம் 0–2 என்று தோற்றது. 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் மறுபடியும் 0–5. அதற்குப் பிறகு தேசியக் குழு கே. ராஜகோபால் கைக்கு வந்தது. அவர் பெரிய பெயர்களைத் தேடிப் போகவில்லை. தன்னிடம் இருந்த 23 வயதுக்குட்பட்ட பையன்களை வைத்து அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸ் சீ விளையாட்டில் தங்கம் வென்றார். 20 வருடத்துக்குப் பிறகு கிடைத்த தங்கம். பிறகு அந்தப் பையன்களில் பலரை அப்படியே தேசியக் குழுவுக்குள் கொண்டுவந்தார்.

2010 சுசுகி கிண்ணத்தில் முதல் ஆட்டமே இந்தோனேசியாவிடம் 1–5. சினிமாவாக இருந்தால் இங்கே ஒரு வசனம் வரும். நிஜத்தில் அந்த 1–5க்குப் பிறகும் பையன்களைக் கைவிடவில்லை, அதுதான் நடந்தது. தாய்லாந்தோடு சமநிலை, லாவோஸை வெற்றி, அரையிறுதியில் வியட்நாம். இறுதியில் அதே இந்தோனேசியா. புக்கிட் ஜாலிலில் 3–0, ஜகார்த்தாவில் 1–2, மொத்தம் 4–2. மலேசியாவின் முதல் தென்கிழக்காசியக் கிண்ணம். குழுவில் எஸ். குணாளன் இருந்தார், பயிற்றுநர் இருக்கையில் ராஜகோபால் இருந்தார். அன்றிரவு எங்கள் ஊர்க் கடையில் யாரும் யார் என்ன இனம் என்று பார்க்கவில்லை. அந்த வகையில் ‘ஓலா போலா’ பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பையன்களுக்கு யார் சம்பளம் கொடுத்தது? அவர்களில் பலர் ஹரிமாவ் மூடாவில் வளர்ந்தவர்கள். காற்பந்துச் சங்கமே நடத்திய இளையோர் குழு அது. ஒன்றாகத் தங்கி, ஒன்றாக லீக்கில் ஆடி, ஒன்றாகத் தோற்றுப் பழகியவர்கள். அந்தச் செலவைத் தனியொரு மாநிலக் குழு சுமக்கவில்லை. பொதுவில் ஒருவர் சுமந்தார். இளம் ஆட்டக்காரர் ‘மலிவு’ என்று நாம் சொல்கிறோமே, அது எப்போதுமே வேறு யாரோ முன்கூட்டியே கட்டிவிட்ட பில். 2015 இறுதியில் ஹரிமாவ் மூடாவைக் கலைத்தபோது, இனி அந்தந்தக் குழுவே பையன்களை வளர்க்கும் என்று ஆனது. வளர்க்கும் அளவுக்கு எத்தனை குழுக்களின் கையில் காசு இருந்தது?

இங்கே எங்கள் மாநிலக் கதையைச் சொல்ல வேண்டும். மலாக்கா யுனைடெட் 2015இல் எஃப்.ஏ.எம். லீக் சாம்பியன். 2016இல் பிரீமியர் லீக் சாம்பியன். 2017இல் சூப்பர் லீக். மூன்று பருவத்தில் மூன்று படி. குருபோங்கில் ஹங் ஜெபாட் அரங்கம் நிறைந்தது. அலோர் காஜாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு நடுராத்திரி திரும்புவோம். பிறகு செய்தித்தாளில் ‘சம்பள பாக்கி’ என்ற சொல் வர ஆரம்பித்தது. புள்ளிகள் பறிக்கப்பட்டன. கடைசியில் 2023 பருவத்துக்கான உரிமமே கிடைக்கவில்லை. திடலில் தோற்று இறங்கிய குழு அல்ல அது, சம்பளப் பட்டியலில் தோற்ற குழு. 2025–26இல் மலாக்கா எஃப்சி என்ற பெயரில் மறுபடியும் சூப்பர் லீக்கில் மலாக்கா வந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனாலும் இப்போது ஸ்கோரைப் பார்க்கும்போதே மனசு சம்பளத் தேதியையும் பார்க்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் அதே சமயத்தில் நடந்தது. அது நம் சமூகத்தின் கதை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் குழு 2016இல் எஃப்.ஏ.எம். லீக்கை வென்று, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு வந்தது. பயிற்றுநர் பி. மணியம். 2022 பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை மட்டுமே வைத்து ஆடினார்கள். பெரிய நட்சத்திரம் இல்லை, கைக்கு மீறிய சம்பளம் இல்லை. விமர்சகர்கள் எப்போதும் உபதேசிக்கிற பாதை அது. அந்தப் பருவம் முடிந்ததும் குழு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரவுக்கு மேல் செலவழித்த குழுவும் இல்லை, அடக்கமாக ஆடிய குழுவும் இல்லை. இரண்டும் ஒரே ஆண்டு முடிவில் காணாமல் போயின. ‘இளைஞர்களை நம்பு, சம்பளத்தைக் கட்டுப்படுத்து’ என்ற மந்திரம் ஒரு தனிக் குழுவின் ஒழுக்கமாக மட்டும் இருக்கும்வரை அது அந்தக் குழுவைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சம்பள உச்சவரம்பு என்பதன் அர்த்தமே அது எல்லோருக்கும் பொதுவான வேலி என்பதுதான். அமெரிக்கக் காற்பந்தான என்.எஃப்.எல்.லில் 1994 முதல் இருக்கிறது. பணக்காரக் குழுவும் ஏழைக் குழுவும் ஒரே தொகைக்குள் நிற்க வேண்டும். கடைசியில் வந்த குழுவுக்கு அடுத்த ஆண்டு கல்லூரி ஆட்டக்காரர்களில் முதல் தேர்வு. தோற்றவர் எழுந்து நிற்க விதியே கை கொடுக்கிறது. நம் பக்கத்தில் இந்திய சூப்பர் லீக்கிலும் உச்சவரம்பு உண்டு. 2018–19இல் சென்னையின் எஃப்சி 18 ஆட்டத்தில் 2 மட்டும் வென்று பத்துக் குழுக்களில் பத்தாவதாக வந்தது. அடுத்த பருவத்தையும் தோல்வியோடுதான் தொடங்கியது. பாதியில் ஓவன் கோய்ல் பயிற்றுநராக வந்தார். அனிருத் தாபா, லாலியன்சுவாலா சாங்தே போன்ற இளைஞர்கள் ஓட, லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல் அடிக்க, நெய்வேலியின் எட்வின் சிட்னி வான்ஸ்பாலும் அந்தக் குழுவில் ஆட, 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை போனார்கள். கொரோனாவால் ஆளில்லாத அரங்கில் ஏடிகேயிடம் 1–3 என்று தோற்றார்கள். கிண்ணம் கிடைக்கவில்லை. ஆனால் கடைசி இடத்துக்கும் இறுதி ஆட்டத்துக்கும் நடுவில் ஒரே வருடம். எல்லோரும் ஒரே வேலிக்குள் நிற்கிற இடத்தில் அந்தத் தூரம் அவ்வளவு பெரிதல்ல. இங்கேயோ 2014 முதல் ஜொகூர் டாருல் தாக்சிமைத் தவிர வேறு யாரும் சூப்பர் லீக்கை வென்றதில்லை. ஜொகூரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் சம்பளம் கொடுக்கிறார்கள், திடலைப் பராமரிக்கிறார்கள். மற்றவர்கள் அவர்களைத் துரத்துகிறோம் என்று கடன் வாங்கிச் செத்தார்கள்.

சரி, உச்சவரம்பு வந்தால் எல்லாம் தீருமா? இந்த இடத்தில் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். கூலிக்கு முதலாளிமார் கூடி வரம்பு போடுவது நமக்குப் புதுசா என்ன? பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, கிராணி செக்ரோலில் எழுதியதை வாங்கி வாழ்ந்த பரம்பரை நாம். தோட்ட முதலாளிகள் சங்கத்தோடு தொழிற்சங்கம் பேசிப் பேசித்தான் ஒவ்வொரு காசும் ஏறியது. மாதச் சம்பளம் வேண்டும் என்று எத்தனை வருடம் கேட்டார்கள்! சம்பளமே ஒழுங்காக வராத லீக்கில் உச்சவரம்பை மட்டும் கொண்டுவந்தால், அது ஆட்டக்காரன் வயிற்றில் கட்டுகிற ஈரத்துணி. என்.எஃப்.எல்.லில் மேல் வரம்போடு குறைந்தபட்சச் செலவும் இருக்கிறது, இரண்டையும் ஆட்டக்காரர்கள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள். அதை மறந்துவிட்டு ‘கேப்’ என்ற ஒரு சொல்லை மட்டும் இறக்குமதி செய்யக் கூடாது.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான். எந்தக் குழுவில் ஆடினான் என்பது வேண்டாம். 21 வயதில் ஒப்பந்தம் போட்டபோது வீட்டில் பொங்கல் வைத்தார்கள். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. ‘இளைஞன்தானே, பொறுத்துக்கொள்வான்’ என்று முதலில் நிறுத்தப்பட்டது அவனைப் போன்றவர்கள் சம்பளம்தான். இப்போது சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. லீவுக்கு வந்தால் திடலுக்கு வருவான், பந்தைத் தொட மாட்டான். இளைஞர்களை வைத்துக் குழுவைக் கட்டுவோம் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு அவன் முகம்தான் வருகிறது.

இப்போது மறுபடியும் கதைகளுக்கு வருகிறேன். பணத்தையே கதையாக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு மைக்கேல் லூயிஸின் ‘மணிபால்’ (2003) பதில். 2002இல் சுமார் 4 கோடி டாலர் சம்பளப் பட்டியலோடு ஓக்லண்ட் பேஸ்பால் குழு, 12 கோடிக்கும் மேல் செலவழித்த நியூயார்க் யாங்கீஸோடு எப்படி மல்லுக்கு நின்றது என்பதுதான் புத்தகம். தொடர்ந்து 20 வெற்றி பெற்றார்கள். கிண்ணம் மட்டும் கிடைக்கவில்லை. அதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எல்லாவற்றையும் மேலாளர் நாற்காலியிலிருந்தே பார்க்கிறது. ஒரு ஃபோன் அழைப்பில் ஆட்டக்காரன் வேறு ஊருக்கு மாற்றப்படுகிறான், அவன் வீட்டில் அன்று ராத்திரி என்ன பேசினார்கள் என்று தெரிவதில்லை. ‘ஓலா போலா’வில் வீடு இருக்கிறது, கணக்குப் புத்தகம் இல்லை. ‘மணிபால்’ புத்தகத்தில் கணக்கு இருக்கிறது, வீடு இல்லை. ‘பிகில்’ போன்ற தமிழ்ப் படங்களைச் சொல்லவே வேண்டாம், அங்கே பயிற்றுநர் பேசினாலே கோல் விழும்.

இந்த இரண்டையும் சேர்த்து எழுத நம்மால் முடியும் என்று நினைக்கிறேன். மலேசியத் தமிழ்ப் புனைவுக்குக் கூலிக் கணக்கு தெரியும். லயத்து வீட்டில் சம்பள நாள் எப்படி இருக்கும், கடைக்காரர் கொப்பி எப்படி நிறையும் என்று எழுதிப் பழகிய கை நம்முடையது. அந்தக் கையைக் கொஞ்சம் திடல் பக்கம் திருப்பினால் போதும். ராஜகோபாலின் 1–5 இரவை எழுதலாம். சம்பளம் வராத மூன்றாவது மாதத்தில் பயிற்சிக்குப் போகும் பையனின் பெட்ரோல் காசை எழுதலாம்.

மாமாவுக்கு இப்போது முட்டி வலி, திடலுக்கு வருவதில்லை. போன மாதம் வீட்டில் மலாக்கா ஆட்டத்தை இருவரும் டிவியில் பார்த்தோம். வலது ஓரத்தில் ஒரு புதுப் பையன், வேகம். “நல்லா ஓடுறான்,” என்றேன்.

மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “இந்த மாசம் குடுத்துட்டாங்களாமா?”