கையெழுத்து ஒருவருடையது

அமெரிக்காவில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் அரசிடம் ஆய்வு நல்கை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய விண்ணப்பம் போகும் பாதை நீளமானது. முதலில் அந்தத் துறையை அறிந்த வெளியாட்கள் சிலர் அதைப் படித்துத் தரம் போடுகிறார்கள், கூடி விவாதிக்கிறார்கள். பிறகு அலுவலர்கள் குறிப்பெழுதுகிறார்கள். அதற்கும் மேல், சட்டப்படி 26 உறுப்பினர் கொண்ட தேசிய மன்றம் பரிந்துரை செய்கிறது. இத்தனை படி ஏறிய கோப்பு கடைசியில் ஒரே ஒரு மேசைக்கு வருகிறது. அங்கே இருப்பவர் நினைத்தால் அத்தனை பேர் சொன்னதையும் தள்ளிவிடலாம். மன்றம் ஆலோசனை சொல்லலாம், கையெழுத்து அவருடையது.

அந்த மேசைக்குரியவர் நேஷனல் எண்டோமென்ட் ஃபார் த ஹ்யூமானிட்டீஸ், சுருக்கமாக என்.இ.எச்., என்ற கூட்டாட்சி நிறுவனத்தின் தலைவர். வரலாறு, இலக்கியம், மெய்யியல், மொழி, தொல்லியல் ஆகிய மானுடப் புலங்களுக்கு அமெரிக்க அரசு பணம் கொடுக்கும் வாசல் இது. குடியரசுத் தலைவர் பெயர் சொல்ல வேண்டும், செனட் ஒப்ப வேண்டும். பதவிக்காலம் நான்கு ஆண்டு. 2024 நிதியாண்டில் நிறுவனத்துக்குக் கிடைத்தது 207 மில்லியன் டாலர். அந்த நாட்டின் வரவுசெலவில் இது கண்ணில் படாத தொகை. ஆனால் இந்த நாற்காலியைச் சுற்றி நடந்த சண்டைகளைப் பார்த்தால் ஏதோ பாதுகாப்புத் துறையின் கஜானா என்றே தோன்றும்.

சங்கப் புலவர்கள் புரவலனிடம் எதிர்பார்த்த குணம் ஒன்று உண்டு: வரிசை அறிதல். வந்தவர் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து அள்ளிக் கொடுத்த வள்ளலைக் கபிலர் இடித்துரைத்தார். கொடை பெரிதாக இருந்தும் அவருக்கு அது போதவில்லை. என்.இ.எச். ஏற்பாடு இந்த இரண்டு வேலையையும் பிரித்து வைத்திருக்கிறது. வரிசை அறிவது குழுவின் வேலை, கொடுப்பது மன்னனின் கை. மன்னன் குழுவின் சொல்லைக் கேட்கும் வரை சிக்கல் இல்லை.

ஏன் இப்படி அமைத்தார்கள்? 1957இல் ஸ்புட்னிக் பறந்தபின் அறிவியலுக்குப் பணம் கொட்டியது. மானுடப் புலத்தார் ஓரத்தில் நின்றார்கள். பிரௌன் பல்கலைக்கழகத் தலைவர் பார்னபி கீனி தலைமையிலான ஆணையம் 1964இல் அறிக்கை கொடுத்தது. 1965 செப்டம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன் இந்த நிறுவனத்தை உருவாக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அடுத்த ஆண்டே கீனி தலைவர் நாற்காலிக்கு வந்தார். அந்தச் சட்டத்தைப் படித்தால் இரண்டு அச்சங்கள் தெரிகின்றன. அரசு, கல்வி நிலையங்களின் பாடத்திட்டத்தில் கைவைக்கக் கூடாது என்பது ஒன்று. அதற்காகத் தனி விதியே உண்டு. பொதுப்பணத்துக்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும் என்பது மற்றொன்று. அதனால்தான் கடைசிக் கையெழுத்து தலைவருக்கு வந்தது. மன்றத்தின் பரிந்துரை கைக்கு வருமுன் அவர் முடிவெடுக்க முடியாது. 30,000 டாலருக்கு உட்பட்ட சிறு நல்கைகளை மட்டும், மன்றம் ஒப்படைத்த அதிகாரத்தின்படி, தாமே முடிக்கலாம்.

இந்த ஏற்பாட்டைச் சாடுவது எளிது. நானும் சாடப்போகிறேன். ஆனால் அதற்குமுன் குழுக்களைப் பற்றிச் சில வார்த்தை. சகவல்லுநர் மதிப்பீடு என்றால் அதற்கு மேல் நியாயமே இல்லை என்று பேசுகிறவர்கள் உண்டு. பணம் கொஞ்சம், விண்ணப்பம் ஏராளம் என்ற இடத்தில் குழு எப்படி நடந்துகொள்ளும் என்று யோசியுங்கள். நால்வர் துள்ளிக் குதித்துப் பாராட்டிய விண்ணப்பத்துக்கு ஐந்தாமவர் உதட்டைப் பிதுக்கினால் அது பெரும்பாலும் போச்சு. ஐவரும் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று தலையசைத்தது கரையேறிவிடும். விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவே தனி அலுவலகம் வைத்திருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தின் மெருகு சிறு கல்லூரி ஆசிரியரின் தாளில் இருக்காது. குழு நேர்மையாக இருந்துகொண்டே, யாரையும் ஏமாற்றாமலே, நடுத்தரத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

நீண்டகாலப் பணிகளுக்கு இது இன்னும் கொடுமை. சிகாகோவின் அசீரிய அகராதி 1921இல் தொடங்கி 2011இல்தான் முடிந்தது. தொண்ணூறு ஆண்டு. அமெரிக்க வட்டார ஆங்கிலத்துக்கான அகராதியின் முதல் தொகுதி 1985இல் வந்தது. அகரவரிசையை முடித்த ஐந்தாம் தொகுதிக்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் என்.இ.எச். பணம் போயிருக்கிறது. அறுபதாம் ஆண்டில் நிற்கும் ஓர் அகராதி புதிய குழுவின் முன்னால் வந்து ‘இந்த முறை என்ன புதிதாகச் செய்வீர்கள்?’ என்ற கேள்வியைச் சந்திப்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்த எழுத்துக்குப் போவோம் என்பதைத் தவிர அது என்ன சொல்லும்? 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை அறிந்தவர்களுக்கு இந்தப் பொறுமையின் விலை தெரியும். இப்படிப்பட்ட வேலைக்கு ‘இது முடியட்டும்’ என்று சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது.

அப்படிச் சொன்ன தலைவர்கள் இருந்தார்கள். ஷேக்ஸ்பியர் ஆய்வாளரான ரொனால்ட் பெர்மன் காலத்தில் 1976இல் தொடங்கிய துட்டன்காமன் கண்காட்சிக்கு நிறுவனம் துணை நின்றது. அருங்காட்சியக வாசல்களில் வரிசைகள் தெருவைச் சுற்றின. 1980களின் இறுதியில், லின் செய்னி தலைவராக இருந்தபோது, அமிலத்தாளில் அச்சாகி நொறுங்கிக்கொண்டிருந்த 30 லட்சம் நூல்களை இருபது ஆண்டில் நுண்படமாக்கும் திட்டம் காங்கிரஸின் கூடுதல் ஒதுக்கீட்டோடு தொடங்கியது. நம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகளைத் தொட்டால் உதிர்வதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்க வேண்டாம். ஐவர் குழுவில் இப்படி ஒரு திட்டம் பிறக்காது. காங்கிரஸ் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்து, ‘இதற்கு இவ்வளவு ஆகும்’ என்று சொல்லிப் பணம் வாங்கி வர ஒரு முகம் வேண்டும்.

ஆனால் அதே முகம் 1986இல் வேறொரு காரியமும் செய்தது. கென்ய அறிஞர் அலி மஸ்ருயி எழுதி வழங்கிய ஒன்பது பகுதி ஆவணத்தொடர் ‘த ஆஃப்ரிக்கன்ஸ்’ ஒளிபரப்புக்குத் தயாராக இருந்தது. முந்தைய தலைமை அதற்கு நல்கை கொடுத்திருந்தது. புதிதாக வந்த செய்னி பார்த்தார், ஒருதலைப்பட்சம் என்றார், நிறுவனத்தின் பெயரைத் தொடரிலிருந்து எடுக்கச் சொன்னார். இந்தச் செய்தியை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

தலைவர் மாறினால் திசை மாறும் என்பது இந்த நிறுவனத்தின் நாட்பட்ட நோய். பெர்மன் உயர்புலமையின் பக்கம் நின்றார். சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஒருவரான செனட்டர் கிளைபோர்ன் பெல், மாநிலங்களுக்கும் சாதாரண மக்களுக்கும் போதுமான பங்கு போகவில்லை என்று கோபப்பட்டு, 1976இல் பெர்மனின் மறுநியமனத்துக்கு முட்டுக்கட்டை போட்டார். அடுத்து வந்த ஜோசப் டஃபி கதவை அகலத் திறந்தார். 1981இல் வந்த வில்லியம் பென்னட் அதைச் சாத்தினார். இதில் யார் சரி என்பது எனக்கு இரண்டாம்பட்சம். ஐந்தாண்டு, பத்தாண்டு ஆய்வுகள் நான்காண்டு ஊசலில் தொங்குகின்றன. நீண்ட பணிகளை முடிக்கவைப்பது தலைமையின் பலம் என்று இப்போதுதான் சொன்னேன். ஆனால் அந்தக் கட்டடத்திலேயே மிகக் குறுகிய காலம் இருப்பவர் தலைவர்தான். அகராதியின் ஐம்பது ஆண்டு வரலாற்றை நினைவில் வைத்திருப்பவர் மூன்றாவது மாடியில் கோப்பு பார்க்கும் அலுவலர்.

ஊசல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வரலாற்றுப் பாடத்தரங்களின் கதையைவிட நல்ல சான்று இல்லை. பள்ளிகளில் வரலாறு எப்படிக் கற்பிக்கப்பட வேண்டும் என்று தேசியத் தரங்கள் வகுக்கும் பணியை லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மையத்துக்குக் கொடுத்தார்கள். கேரி நாஷும் ஷார்லட் கிராப்ட்ரீயும் முன்னின்றார்கள். பணம் கல்வித் துறையிலிருந்தும் என்.இ.எச்.சிலிருந்தும் வந்தது, அப்போது தலைவர் செய்னி. 1993 தொடக்கத்தில் அவர் பதவி விலகினார். 1994 அக்டோபர் 20 அன்று, தரங்கள் வெளியாவதற்குச் சில நாள் முன்பு, வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் அவரே அவற்றைக் கிழித்தெறிந்து கட்டுரை எழுதினார். அவருடைய முறை எண்ணிக்கை. கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய செனட்டர் மெக்கார்த்தியும் அவர் பெயரால் வந்த இயக்கமும் 19 இடத்தில், உள்நாட்டுப் போர்த் தளபதிகளில் கிராண்ட் ஒரே இடத்தில், ராபர்ட் லீ ஓரிடத்திலும் இல்லை என்று கணக்குக் காட்டினார். சொல்லடைவைப் புரட்டித் தலை எண்ணும் திறனாய்வு நம்மிடமும் உண்டு, அதனால் எனக்குச் சிரிக்கத்தான் வந்தது. செனட் சிரிக்கவில்லை. 1995 ஜனவரியில் 99க்கு 1 என்ற கணக்கில் தரங்களைக் கண்டித்தது. அதே மாதம் செய்னியும் பென்னட்டும், அந்த நாற்காலியில் அடுத்தடுத்து அமர்ந்த இருவர், காங்கிரஸின் முன் தோன்றி நிறுவனத்தையே மூடிவிடுங்கள் என்றார்கள்.

அப்போது அங்கே உட்கார்ந்திருந்தவர் ஷெல்டன் ஹாக்னி, தென்மாநில வரலாற்றாசிரியர், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர். அமெரிக்கர்கள் தங்கள் பன்மையைப் பற்றி ஊர் ஊராக உட்கார்ந்து பேசட்டும் என்று ஒரு தேசிய உரையாடலைத் தொடங்கியிருந்தார். நல்ல எண்ணம்தான், கொஞ்சம் வெள்ளந்தியும்கூட. ஆண்டுக்கு 172 மில்லியன் டாலராக இருந்த ஒதுக்கீடு 1996இல் 110 மில்லியனாக விழுந்தது. நிறுவனம் மூடப்படவில்லை. பணத்தில் ஒரு பங்கு மாநிலங்களில் இயங்கிய மானுடப் புல மன்றங்களின் வழியே ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதிக்கும் போய்க்கொண்டிருந்தது அதைக் காப்பாற்றியதில் முக்கியமான காரணம். எந்தப் பெல் பெர்மனைத் துரத்தினாரோ, அந்தப் பெல்லின் பிடிவாதம் இருபது ஆண்டு கழித்துக் கவசமாயிற்று.

பிரிட்டன் வேறு வழியில் போனது. ஆய்வுப் பணத்தை ஆய்வாளரே பங்கிடட்டும், அமைச்சர் விலகி நிற்கட்டும் என்ற வழக்கத்தை, 1918 அறிக்கையை ஒட்டி, ஹால்டேன் கோட்பாடு என்பார்கள். 2017 சட்டம் அதை எழுத்திலும் வைத்தது. அங்கே கலை, மானுடப் புலங்களுக்கான ஆய்வு மன்றம் 2005இல் அமைந்தது. தனியொருவர் கையெழுத்துக்கு இவ்வளவு கனம் கிடையாது. ஆனால் 2011இல் பிரதமர் கேமரனின் ‘பிக் சொசைட்டி’ முழக்கம் மன்றத்தின் திட்ட ஆவணத்தில் ஆய்வுத் தலைப்புகளோடு சேர்ந்து நின்றதைக் கண்டு புலமையுலகம் கொதித்தது. ஆயிரக்கணக்கானோர் மனுவில் ஒப்பமிட்டார்கள். மதிப்பீட்டாளர் குழாமிலிருந்து 40க்கும் மேற்பட்டோர் விலகினார்கள். அரசு எங்களை நெருக்கவில்லை என்றது மன்றம். அதை அப்படியே நம்பலாம். நம்பினால் கதை இன்னும் மோசமாகிறது: கேட்காமலே கொடுத்திருக்கிறார்கள். தூரத்தைச் சட்டத்தில் எழுதிவிடலாம், தலைவரின் முதுகெலும்பை எழுத முடியாது.

2025க்கு வருவோம். என்.இ.எச். தலைவராக இருந்த முதல் அமெரிக்கப் பழங்குடியினர் ஷெல்லி லோ மார்ச்சில் குடியரசுத் தலைவரின் சொல்லுக்கேற்ப விலகினார். ஏப்ரல் தொடக்கத்தில், செலவுக்குறைப்புக்கென வெள்ளை மாளிகை அமைத்த ‘டோஜ்’ குழுவினர் நிறுவனத்துக்குள் வந்த சில வாரங்களில், 1,400க்கும் மேற்பட்ட நல்கைகள் ரத்தாயின. கடிதங்களில் தற்காலிகத் தலைவரின் பெயர் இருந்தது. பாதி எழுதிய புத்தகம், பாதி மின்மயமான செய்தித்தாள் கோப்பு, ஆள் எடுத்துவிட்ட அகராதி எல்லாம் நின்றன. கோப்பின் நினைவாக இருந்த அலுவலர்களில் பெரும்பாலோர் அடுத்த சில மாதங்களில் வேலையிழந்தார்கள். ஜூலையில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், எழுத்தாளர் சங்க உறுப்பினர்களின் நல்கைகளைப் பொறுத்தவரை, கருத்துரிமைக் காரணம் காட்டி இடைக்காலத் தடை விதித்தது.

குழு சொன்னதைத் தலைவர் மீறலாமா என்ற பழைய கேள்வி இங்கே போதவில்லை. மீறலாம் என்றே நினைக்கிறேன். குழு தள்ளிய ஒன்றை ‘என் பொறுப்பில் கொடுக்கிறேன்’ என்று ஒரு தலைவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சொன்னால் நிறுவனத்துக்கு நல்லது. தவறினால் அவருடைய பெயர் கெடும், அவ்வளவுதான். குழு ஏற்றதை மறுப்பது வேறு கதை. மறுக்கப்பட்ட ஆய்வு எழுதப்படவே போவதில்லை. அது தவறா சரியா என்று பின்னால் வருபவர் பார்க்க எதுவும் மிஞ்சாது. ஆகவே மறுக்கும் கை ஒரு பக்கமாவது காரணம் எழுதி, விண்ணப்பித்தவருக்கும் மன்றத்துக்கும் கொடுத்து, பொதுவில் வைக்க வேண்டும். இந்த ஒரு விதி இருந்திருந்தால் நாற்பதாண்டுச் சண்டைகளில் பாதி வேறு மாதிரி நடந்திருக்கும்.

இப்போது மஸ்ருயிக்குத் திரும்புகிறேன். செய்னி செய்தது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் நான் சொன்ன அளவுகோலில் அவர் தேறிவிடுகிறார். தொடர் எடுக்கப்பட்டது, ஒன்பது பகுதியும் ஒளிபரப்பானது, ஏன் பெயரை எடுக்கச் சொன்னார் என்பதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். மஸ்ருயி பதில் சொன்னார். இரண்டையும் வைத்து யாரும் இன்றைக்கும் வாதிடலாம். 2025 ஏப்ரலில் வந்த கடிதங்களில் வாதிட ஒன்றுமில்லை. அகராதிக்கும் அருங்காட்சியகத்துக்கும் ஒரே வாசகம்: உங்கள் பணி நிறுவனத்தின் இப்போதைய முன்னுரிமைகளோடு பொருந்தவில்லை. பெறுநர் பெயரும் நல்கை எண்ணும்தான் மாறியிருந்தன.