திருப்பியனுப்ப முடியாத பேரிங்

மணியாச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கோவில்பட்டியில் இன்ஜினீயரிங் முடித்த மகனுக்கு வந்த இன்டர்வியூ கடிதம் ‘ஸ்பேம்’ பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டதாம். தேதி முடிந்து நாலு நாள் கழித்துத்தான் பார்த்தார்களாம். நைஜீரிய இளவரசரின் கோடிகள் மட்டும் தவறாமல் இன்பாக்ஸுக்கே வருகின்றனவாம். ‘இதுக்குப் பேரு டெக்னாலஜியா சார்?’ என்கிறார். நியாயமான கோபம்.

தபாலில் ‘பேரிங்’ என்று ஒன்று உண்டு. ஸ்டாம்ப் ஒட்டாத கடிதத்துக்கு, வாங்குகிறவர் இரட்டைக் கட்டணம் கட்டவேண்டும். வேண்டாமென்றால் போஸ்ட்மேனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். ‘இதைப் பத்துப் பேருக்கு எழுதாவிட்டால் ரத்தம் கக்குவாய்’ என்று மிரட்டிய சங்கிலிக் கடிதக்காரர்கூட, கார்டுக்குத் தன் காசைப் போட்டுத்தான் பக்தி பரப்பினார். மின்னஞ்சலில் ஒருவருக்கு அனுப்பினாலும் லட்சம் பேருக்கு அனுப்பினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். படிப்பது, அழிப்பது, நல்லதைத் தவறவிடுவது எல்லாம் நம் தலையில். ஒவ்வொரு ஸ்பேமும் திருப்பியனுப்ப முடியாத பேரிங்.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் கேரி துர்க். டி.இ.சி. என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆசாமி. 1978 மே மாதம் அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே வீச்சில் விளம்பரம் அனுப்பினார். முகவரிப் பகுதியில் இடம் போதாமல், மிச்ச விலாசங்கள் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன!

2002-ல் பால் கிரஹாம் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, வார்த்தைகளுக்கு மார்க் போட்டு நிகழ்தகவுக் கணக்கில் ஸ்பேமைப் பிரிக்கும் முறை பரவலானது. இப்போது அனுப்புகிற சர்வரின் ஜாதகத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மணியாச்சி ஜங்ஷனில் மதுரையிலிருந்து வரும் பாதை திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் பிரிகிறது. எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியும். ஃபில்டருக்கு ஊகம்தான். ஊகிப்பதில் எனக்குப் புகார் இல்லை. ஊகத்தைத் தீர்ப்பு மாதிரி நிறைவேற்றுவதில்தான் புகார். ‘இந்தக் கடிதம் மட்டும் சந்தேகம், நீங்களே பாருங்கள்’ என்று ஒரு வரி கேட்டால் என்ன? கேட்காமல் ஓரங்கட்டிவிட்டு, ஜிமெயிலில் 30 நாளில் அழித்தும் விடுகிறது.

சட்டம்? அமெரிக்காவில் 2003-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இங்கே போன் விளம்பரத் தொல்லைக்கு 2007 முதல் டிராய் விதிகள் உண்டு. மின்னஞ்சலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஐ.டி. சட்டத்தில் 2008 திருத்தம் சேர்த்த 66ஏ பிரிவு, தொல்லை தரவோ அனுப்பியவர் யாரென்று ஏமாற்றவோ மின்னஞ்சல் அனுப்பினால் 3 வருடம் வரை சிறை என்றது. ஆனால் செய்தியில் அடிபட்டவர்கள் ஸ்பேமர்கள் அல்ல. 2012-ல் பேஸ்புக்கில் கருத்துச் சொன்ன பால்கர் பெண்கள், ட்விட்டரில் எழுதிய புதுச்சேரிக்காரர். எலிப்பொறியில் கோழிக்குஞ்சு மாட்டின கதை. 2015 மார்ச் 24 அன்று சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. சரியான தீர்ப்புதான். எலி மட்டும் அப்படியே இருக்கிறது.

வேலை தேடுகிறவர்கள் தினம் ஒருமுறை ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். நல்ல கடிதம் இருந்தால் ‘ஸ்பேம் அல்ல’ என்று அழுத்துங்கள்; ஃபில்டர் அதிலிருந்து கற்றுக்கொள்ளும். முன்பின் தெரியாதவர் அனுப்பியதில் ‘அன்சப்ஸ்கிரைப்’பைத் தொடாதீர்கள். திருடனுக்கு, ‘வீட்டில் ஆள் இருக்கு’ என்று குரல் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இன்டர்வியூவுக்கு அழைக்கும் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை: மெயில் அனுப்பின கையோடு ஒரு போனும் போடுங்களேன். நம்பர் பயோடேட்டாவிலேயே இருக்கிறது.