வாக்குறுதிக்குள் வராத காகிதம்

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையைக் கூட்டுகிறவர்கள் முன்னால் இரண்டு வகைக் காகிதம் கிடக்கிறது. பழமும் தண்ணீர் பாட்டிலும் வந்த அட்டைப்பெட்டி ஒன்று. அது நெடுநேரம் தரையில் தங்காது. யாராவது மடித்துக் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சாம்பார் ஊறிய காகிதத் தட்டு, டீ குடித்துப் போட்ட கப், விபூதி மடித்த துண்டுத்தாள் ஆகியவை இன்னொன்று. இவற்றுக்கு விலை கிடையாது. மீந்த சோற்றோடு சேர்ந்து குப்பை வண்டியில் ஏறும். காகிதத் தொழில் தானாக முன்வந்து அளிக்கும் மறுசுழற்சி உறுதிமொழிகளை எடைபோட இந்த 14 கிலோமீட்டர் போதும். முதல் வகைக்கு உறுதிமொழியே தேவையில்லை. இரண்டாம் வகையை எந்த உறுதிமொழியும் தொடவில்லை.

இப்படிச் சொல்வதால் அந்த உறுதிமொழிகள் எல்லாமே வெறும் விளம்பரம் என்றாகிவிடாது. ஐரோப்பியக் காகிதத் தொழில் 2000-இல் தொடங்கிய கூட்டு உறுதிமொழியைப் பாருங்கள். 2010-க்குள் 66 சதவீதம், 2015-க்குள் 70, 2020-க்குள் 74, 2030-க்குள் 76 என்று மறுசுழற்சி விகித இலக்கைப் படிப்படியாக உயர்த்தினார்கள். ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டார்கள், அதை வெளியார் தணிக்கைக்கும் விட்டார்கள். 2020-இல் இலக்குக்கு மயிரிழை குறைவாக 73.9-இல் நின்றபோது அந்த எண்ணையும் மறைக்கவில்லை. இதைவிடப் பெரிய பலன், ஆலைக்காரர், அச்சகத்தார், மை தயாரிப்பவர், பசை தயாரிப்பவர் எல்லாரும் ஒரே மேசைக்கு வந்தது. எந்த மை கூழிலிருந்து எளிதாகப் பிரியும், எந்தப் பசை சல்லடையில் ஒட்டி இயந்திரத்தை நிறுத்தும் என்பதெல்லாம் சட்டம் எழுதும் அதிகாரிக்குத் தெரியாத சங்கதிகள். தொழிலுக்குள் இருப்பவர்கள் பேசி முடிவெடுத்தால்தான் பொருளின் வடிவமைப்பே மாறும். இந்த இடத்தில் தன்னார்வ முறை சட்டத்தைவிட வேகமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கோளாறு கணக்கில் இருக்கிறது. ஐரோப்பிய விகிதம், மறுசுழற்சிக்குப் போன காகிதத்தை மொத்த நுகர்வால் வகுத்து வருவது. நுகர்வு சரிந்தாலே சதவீதம் ஏறும். 2023-இல் விகிதம் 79-ஐத் தொட்டதற்கு அந்தச் சரிவும் ஒரு காரணம். கண்டத்தை விட்டு ஏற்றுமதியான பழைய காகிதமும் மறுசுழற்சியானதாகவே கணக்கில் ஏறுகிறது. அந்தக் காகிதக் கட்டுகள் எங்கே போயின? 2018-இல் சீனா கலப்புக் காகிதக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், மேலைநாட்டுக் கழிவு இந்தியத் துறைமுகங்களில் வந்து குவிந்தது. இறக்குமதிச் சரக்கு மலிந்தால் ஆலை உள்ளூர்க் கொள்முதல் விலையைக் குறைக்கும், மண்டிக்காரர் கடைக்காரருக்குக் குறைப்பார், கடைக்காரர் சாக்கோடு வந்து நிற்பவருக்குக் குறைப்பார். இத்தனை டன் எடுத்துக்கொள்வோம் என்று எழுதித் தரும் தொழில், விலை இதற்குக் கீழே போகாது என்று மட்டும் எங்கும் எழுதித் தந்ததில்லை. சேகரிப்போ அந்த விலையை நம்பித்தான் நடக்கிறது.

இந்தியாவில் நிலைமை இன்னும் விசித்திரமானது. இங்கே மரக்கூழ் பற்றாக்குறை. நாட்டின் காகித உற்பத்தியில் பெரும்பகுதி பழைய காகிதத்தை நம்பியிருக்கிறது. கரும்புச் சக்கையை மூலப்பொருளாக வைத்துப் புகழூரில் தொடங்கிய டிஎன்பிஎல் காகித நிறுவனம் கூட, பின்னாளில் அச்சு மையைப் பிரித்தெடுக்கும் ஆலையை நிறுவிக்கொண்டது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் மறுசுழற்சி அட்டை ஆலை நடத்தும் ஐடிசி, கோவை, சென்னை போன்ற நகரங்களில் வீடு, பள்ளி, அலுவலகங்களிலிருந்து உலர்குப்பையைப் பிரித்து வாங்கும் திட்டத்தை நடத்துகிறது. பிரித்துப் போடும் பழக்கத்தை அது வளர்த்தது, பாராட்டலாம். ஆனால் பழைய காகிதம் ஆலைக்குத் தீனி. தன் தீனியைத் தேடிச் சேர்ப்பதைத் தியாகம் என்று எப்படி எண்ணுவது? லாபமில்லாத காகிதத்துக்கும் பொறுப்பேற்றால்தான் அது உறுதிமொழி.

"கறைபட்ட காகிதத்தை எந்த ஆலையாலும் எடுக்க முடியாது, முடியாததைக் கேட்டு என்ன பயன்?" என்று ஆலைத் தரப்பில் கேட்பார்கள். பாதி நியாயம் உண்டு. டீ கப்பின் உட்புறம் மெல்லிய பாலித்தீன் படலம்; கூழாக்கும் தொட்டியில் காகிதம் கரைந்தபின் படலம் கிழிசலாகத் தங்கிச் சல்லடையை அடைக்கும். எண்ணெயும் குழம்பும் நாரோடு கலந்துவிட்டால் கூழ் கெடும். அப்படியானால் கரையாத கப்பைச் சந்தைக்கு அனுப்பமாட்டோம் என்ற உறுதிமொழி அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? அது வரவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புகளைத் தடை செய்தது. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2023 அக்டோபரில் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. இதற்கிடையே திருவண்ணாமலை தீபத் திருவிழாவில் துணிப்பை கொண்டுவரும் பக்தர்களுக்குத் தங்க, வெள்ளி நாணயம் பரிசளித்துப் பார்த்தது அரசுத் தரப்பு. நல்லெண்ணத்தைப் பக்தரிடம்தான் எதிர்பார்க்கிறோம், கப் தயாரிப்பவரிடம் அல்ல!

தடை போட்டும் கப் ஒழியவில்லையே, சட்டத்தால் என்ன கிழித்துவிட்டோம் என்பது இன்னும் கூர்மையான கேள்வி. உண்மைதான். தடைசெய்த பொருளுக்குச் சொந்தக்காரர் கிடையாது. சந்தையில் இருக்கவே கூடாத கப்பைத் திரும்ப எடுப்பதாக எந்த நிறுவனம் எழுதித் தரும்? ஒழிப்பதாகச் சொன்ன சட்டமும் ஒழிக்கவில்லை, மறுசுழற்சி பேசிய தொழிலும் சேகரிக்கவில்லை. மத்திய அரசு 2024 டிசம்பரில் வெளியிட்ட வரைவு விதிகள், காகிதம், கண்ணாடி, உலோகப் பொதிகளுக்கு உற்பத்தியாளரையே பொறுப்பாக்க முனைந்தன. அந்தப் பொறுப்பை டன் கணக்கில் மட்டும் அளந்தால் நிறுவனங்கள் எளிதில் கிடைக்கும் அட்டைப்பெட்டியைக் காட்டி இலக்கை முடித்துவிடும். தட்டுக்கும் கப்புக்கும் தனி இலக்கு வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை மாநகராட்சி அள்ளும் குப்பைக்கான லாரி வாடகையில் ஒரு பங்கு, அந்தத் தட்டையும் கப்பையும் விற்றவர்களின் கணக்கில் விழ வேண்டும்.